காட்சி நினைவும் குழந்தைகளின் வாசிப்புக் குறைபாடும்: தமிழ் வரிவடிவ நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

டிஸ்லெக்சியா என வழங்கும் வாசிப்புக் குறைபாடு எழுத்துகளின் உருவத்தை மனத்தில் இருத்த இயலாமையால் தோன்றுவது என்னும் கருத்து நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. பிற்கால ஆய்வுகள் அக்கருத்தைப் பெரிதும் மாற்றியுள்ளன. அம்மாற்றத்தின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. உயிர்மெய் அமைப்பு, புள்ளி, முன்வரும் உயிர்க்குறிகள், மயங்கொலிகள், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தொலைவு ஆகியவற்றை உடைய தமிழில் காட்சி நினைவு எவ்விடத்தில் உண்மையாகவே தொழிற்படுகிறது, எவ்விடத்தில் அதன்மேல் வீணே பழி சுமத்தப்படுகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்சி நினைவு, வாசிப்புக் குறைபாடு, ஒலியுணர்வு, வரிவடிவம், உயிர்மெய், மயங்கொலி, இரட்டை வழக்கு.

முன்னுரை

அறிவுத்திறனில் குறைவின்றியும் கண்ணும் செவியும் நல்ல நிலையில் இருந்தும், உரிய கற்பித்தல் கிடைத்தும், சொற்களைப் பிழையின்றியும் சரளமாகவும் வாசிக்க இயலாத குழந்தைகள் எல்லா மொழிச் சமூகத்திலும் உள்ளனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை 21 வகை இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றது. அதன்பின் இக்குழந்தைகளை இனங்காணும் பணி பள்ளிகளின் பொறுப்புகளுள் ஒன்றாயிற்று. இனங்காண்பதற்குக் கருவி வேண்டும். கருவிக்கு அடிப்படையாக ஒரு கொள்கை வேண்டும். ஆசிரியர்களிடையேயும் பெற்றோரிடையேயும் இன்றும் வேரூன்றி நிற்கும் கொள்கை, ‘எழுத்து மனத்தில் பதியவில்லை’ என்பதாகும். பதியாமை கண்வழி நினைவின் குறை எனக் கொள்ளப்படுவதால், உருவங்களைப் பார்த்து நினைவில் நிறுத்தி மீண்டும் வரையும் பயிற்சிகள் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. நோய் இன்னதென அறியாமல் தரப்படும் மருந்தால் இழக்கப்படுவது குழந்தையின் காலம். ஏழு வயதில் இழந்த ஈராண்டுகளைப் பத்து வயதில் மீட்பது எளிதன்று. ஆதலின் இக்கொள்கையின் வன்மை மென்மைகளை ஆராய்வது உளவியலாரின் கடமையாக மட்டும் நின்றுவிடாது. எழுத்திலக்கணம் பயின்றோர் சொல்ல வேண்டியன இதில் உள.

சொற்குருடு: கருத்தின் தோற்றம்

ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல் 1877இல், பார்வையும் பேச்சும் அறிவும் கெடாமல் வாசிக்கும் ஆற்றல் மட்டும் இழந்த நிலையைச் சொற்குருடு எனக் குறித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் டிஸ்லெக்சியா என்னும் சொல்லை வழங்கினார். இவ்விருவரும் கண்டவர்கள் மூளைப் பாதிப்பால் வாசிப்பை இழந்த வளர்ந்தோர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1895இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சொற்குருடும் காட்சி நினைவும் இணைந்து நின்றன. மூளையின் இடப்புறத்தில் சொற்களின் உருவங்கள் சேமிக்கப்படும் ஓரிடம் உண்டு, அது பழுதுபட்டால் கண் கண்டாலும் மனம் சொல்லை அறியாது என்பது அவர் விளக்கம்.

அக்கட்டுரையைப் படித்த பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 1896இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். குழந்தைப் பருவ வாசிப்புக் குறைபாடு பற்றிய முதல் மருத்துவப் பதிவுகளுள் அது தலையாயது. பெர்சி என்னும் அச்சிறுவன் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடைபெற்றால் பள்ளியிலேயே கூர்மையான மாணவனாக விளங்குவான் என அவன் ஆசிரியர் கருதினார். பிறவியிலேயே சொல்லுருவ நினைவிடம் குறையுற்றது என்பதே மார்கனின் முடிவு.

ஆயினும் அப்பதிவிலேயே அம்முடிவை ஐயுறத்தக்க செய்தி ஒன்று உளது. பெர்சி எண்களைத் தடையின்றி வாசித்தான். பெருக்கல் கணக்குகளை விரைந்து செய்தான். இயற்கணிதக் கோவைகளையும் கையாண்டான். எண்ணுருக்களும் கண்வழி வரும் குறிகளே. அவற்றை நினைவில் நிறுத்த வல்லவனுக்குச் சொற்களை மட்டும் நிறுத்த இயலவில்லையெனின் குறை உருவ நினைவில் இருத்தல் வேண்டும் என்பது எவ்வாறு பொருந்தும்? எண்ணுரு ஒரு முழுக் கருத்தைச் சுட்டுவது. அதனைப் பகுத்து ஒலிகளாக்க வேண்டுவதில்லை. சொல்லோ எழுத்துகளாகவும் ஒலிகளாகவும் பகுக்கப்பட்டு மீண்டும் கூட்டப்பட வேண்டுவது. இவ்வேறுபாட்டை அக்கால மருத்துவர்கள் எண்ணுக்கும் சொல்லுக்கும் தனித்தனி நினைவிடங்கள் கற்பித்து விளக்கிக் கடந்தனர்.

1925இல் அமெரிக்க நரம்பியலாளர் சாமுவேல் ஆர்ட்டன் இக்கருத்துக்கு வேறு வடிவம் தந்தார். மூளையின் இரு பாதிகளிலும் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல்போல் பதிகின்றன, ஒரு பாதி மற்றதை அடக்கி ஆளாதபோது உருக்கள் புரண்டு தோன்றுகின்றன என்றார். வாசிப்புக் குறைபாடு உடைய குழந்தை எழுத்துகளைத் தலைகீழாகவோ இடவலம் மாறியோ காண்கிறது என இன்றும் பொதுமக்களிடம் நிலவும் நம்பிக்கை இவ்வழி வந்ததே.

கருத்தின் தளர்ச்சி

ஆர்ட்டனின் கருத்தை இசபெல் லிபர்மனும் அவர்தம் குழுவினரும் 1971இல் சோதித்தனர். தொடக்கநிலை வாசகர் செய்யும் பிழைகளுள் உருப்புரட்சிப் பிழைகள் ஒரு சிறு பகுதியே என்பதும், பெரும்பான்மைப் பிழைகள் ஒலி சார்ந்தவை என்பதும் புலனாயின. ஃபிராங்க் வெலுட்டினோவின் சோதனைகள் இதனினும் தெளிவானவை. ஹீப்ரு எழுத்தை அறியாத ஆங்கிலக் குழந்தைகளுக்கு அவ்வெழுத்துகளாலான வரிசைகளைச் சிறிது நேரம் காட்டி மறைத்து, நினைவிலிருந்து எழுதச் செய்தார். நன்கு வாசிப்போரும் வாசிப்பில் பின்தங்கியோரும் ஏறத்தாழ ஒரே அளவில் எழுதினர். காட்சி நினைவே குறையாயின் பின்தங்கியோர் இங்கும் பின்தங்கியிருத்தல் வேண்டும். ஆங்கிலச் சொற்களைக் காட்டியபோது, அவற்றைச் சரியாகப் பார்த்தெழுதிய குழந்தைகளே வாய்விட்டுச் சொல்லும்போது பிழைபட்டனர். கண் கண்டதைக் கை அறிந்தது. நாவுக்குரிய பெயர் மட்டும் வரவில்லை. வெலுட்டினோ இவற்றையெல்லாம் தொகுத்து 1979இல் நூலாக்கினார்.

நினைவு பற்றிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. கான்ராட் 1964இல் வெளியிட்ட சோதனையில், எழுத்துகளைக் கண்ணால் மட்டும் கண்டு நினைவுகூர்ந்தோர் செய்த பிழைகள் உருவ ஒப்புமையால் அமையாமல் ஒலி ஒப்புமையால் அமைந்தன. கண்வழி புகுந்த எழுத்து குறுங்கால நினைவில் ஒலியாகவே தங்குகிறது என்பது இதன் பொருள். ஆகவே எழுத்து வரிசை ஒன்றைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல இயலாத குழந்தையின் மதிப்பெண்ணைக் காட்சி நினைவின் அளவாகக் கொள்வது ஏற்புடையதன்று. பள்ளிகளில் நடைபெறும் சோதனைகள் பலவற்றில் இக்குழப்பம் உள்ளது. வட்டம், முக்கோணம் எனப் பெயரிடத்தக்க உருவங்களைப் பயன்படுத்தும் சோதனையும் ஓரளவு மொழிச் சோதனையே ஆகும்.

எனினும் காட்சி நினைவுக்கு எப்பங்கும் இல்லை எனத் துணிவதும் மிகையாகும். கௌலாண்ட்ரிஸ், மார்கரெட் ஸ்னோலிங் ஆகியோர் 1991இல் ஒரு பல்கலைக்கழக மாணவியைப் பற்றி எழுதினர். ஒலிப்பகுப்பில் பெருங்குறை இல்லாத அவர், ஒலியைக் கொண்டு ஊகிக்க இயலாத ஆங்கிலச் சொற்களின் எழுத்து வரிசையை நினைவில் நிறுத்த இயலாதவராய் இருந்தார். அவருடைய காட்சி நினைவும் குன்றியிருந்தது. இரண்டும் காரண காரியமாகலாம் என அவர்கள் கருதினர். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆன் காசில்ஸும் மாக்ஸ் கோல்ட்ஹார்ட்டும் அதே வகைப் பிழைகள் செய்யும் சிறுவன் ஒருவனை ஆராய்ந்தபோது, அவன் காட்சி நினைவு நன்கிருக்கக் கண்டனர். ஆக, காட்சி நினைவின் குறை சிலரிடம் வாசிப்புக் குறைபாட்டோடு உடன் காணப்படலாம். அதுவே அக்குறைபாட்டின் பொதுக் காரணம் எனல் இயலாது. ஒரே நோக்கில் எத்தனை எழுத்துகளைக் கவனத்துள் அடக்க இயலும் என்னும் காட்சிக் கவன வீச்சு பற்றிப் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியான் வல்துவாவும் குழுவினரும் முன்வைத்த கருத்தும் இன்னும் விவாதத்திலேயே உள்ளது.

சொல் மனத்தில் பதியும் முறை

பழகிய வாசகர் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, கண்டவுடன் அறிகிறார். இது ஒளிப்படம் எடுத்தாற்போன்ற உருவப் பதிவு எனத் தோன்றுவது இயல்பு. டேவிட் ஷேர் 1995இல் விளக்கிய தற்கற்றல் கருதுகோளும், லினியா ஏரியின் ஆய்வுகளும் இத்தோற்றத்தை மாற்றின. குழந்தை ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக ஒலித்து அறியும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லின் எழுத்து வரிசை அதன் ஒலியோடும் பொருளோடும் பிணைக்கப்படுகிறது. சில முறை இவ்வாறு நிகழ்ந்தபின் சொல் கண்டவுடன் அறியப்படுவதாகிறது. எழுத்துரு நினைவு வாசிப்பின் விளைவு, அதனைப் பிணைக்கும் பசை ஒலி. ஒலிப்பகுப்பில் தடுமாறும் குழந்தைக்குப் பசை உறைவதில்லை. அதனால் நேற்றுப் படித்த சொல் இன்று புதிய சொல்லாகத் தோன்றுகிறது. ஆசிரியர் காண்பது மறதி. அதன் வேர் வேறிடத்தில் உள்ளது.

மூளைப் படிம ஆய்வுகளும் இதற்கு இணங்குவன. லோரான் கோயனும் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் 2000ஆம் ஆண்டுமுதல் விளக்கிவரும் சொல்லுருவப் பகுதி, இடப்பாதியின் பின்கீழ்ப்புறத்தில் அமைவது. எழுத்தறிவு பெற்றபின் எழுத்துக்கெனத் தனித்திறன் பெறுவது. பேச்சுக்குரிய பகுதிகளோடு இணைந்து தொழிற்படுவது. ஹின்ஷெல்வுட் ஓர் இடத்தைக் கற்பித்ததில் தவறில்லை. அதனைப் படக்கிடங்காகக் கருதியதே பொருந்தாதது.

தமிழ் வரிவடிவம் கண்ணிடம் வேண்டுவன

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தில் மிகவும் சீரற்றது. தமிழின் நிலை வேறு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள் என்பது இலக்கணக் கணக்கு. குழந்தை 247 உருவங்களையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டும் என்பதன்று. அகர உயிர்மெய்யும் உயிர்க்குறிகளும் அறிந்தவர் பெரும்பாலான உயிர்மெய்களைத் தாமே கூட்டி அறியலாம். கூட்டியறியும் இந்நெறி எங்கே முறிகிறதோ அங்கேதான் தனியுருவ நினைவு தேவையாகிறது.

அவ்வாறு முறியும் இடம் உகர, ஊகார வரிசைகள். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியன ஒரு வகையில் வளைகின்றன. ஙு, சு, பு, யு, வு ஆகியவற்றில் கீழ்நோக்கிய கோடு. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் சுழித்து ஏறும் கோடு. ஊகார வரிசையில் கூ, சூ போன்றன மேலும் விலகி நிற்கின்றன. இவ்விரு வரிசைகளின் 36 எழுத்துகளைப் பொறுத்தவரை, விதியைக் காட்டிலும் கண்ணின் நினைவே துணை. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், பெரியார் தம் இதழ்களில் கையாண்ட வழியைப் பின்பற்றி, ணா, றா, னா ஆகியவற்றோடு அவற்றின் ஒகர ஓகார வடிவங்களையும், ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் பொதுநெறிக்குள் கொணர்ந்தது. பதின்மூன்று தனியுருவங்களை மனனம் செய்யும் சுமை அதனால் நீங்கிற்று. வா.செ. குழந்தைசாமி பின்னர் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் சீராக்க வேண்டும் என வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. மரபு வடிவைக் காக்க வேண்டும் என்போரின் காரணங்கள் வலியன. ஆயினும் அவ்விவாதம் அச்சு, தட்டச்சு, கணினி ஆகியவற்றின் வசதியைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்தது. கற்கத் தடுமாறும் குழந்தையின் நிலை அதில் எடைபோடப்பட்டிருந்தால் விவாதம் வேறு திசையிலும் சென்றிருக்கலாம்.

முன்வரும் உயிர்க்குறிகள் மற்றொரு வகைத் தடை. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு முன் எழுதப்படுவன, பின் ஒலிக்கப்படுவன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இருபுறமும் நின்று அணைப்பன. 216 உயிர்மெய்களுள் 108 இவ்வகையின. கண் செல்லும் வரிசையும் ஒலி செல்லும் வரிசையும் இங்கு மாறுபடுகின்றன. ‘கொ’ என்பதை வாசிக்கும் குழந்தை கொம்பைக் கண்டு நிறுத்தி, ககரத்தைக் கண்டு, காலையும் கண்டபின்னரே ஒலிக்கத் தொடங்க இயலும். இச்சிறு இடைவெளியில் தொழிற்படுவது செயல் நினைவு. அதனை உருவ நினைவு எனல் பொருந்தாது. ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால் ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் கண்ணளவில் மயங்குவன. இம்மயக்கத்தைத் தீர்ப்பது சொல்லறிவே.

ஓலைச்சுவடி வாசிப்பை இவ்விடத்தில் ஒப்பிடுதல் தகும். மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ரகரமும் காலும் ஓருருவாய் நின்றன. ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தும் இன்றைய வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் அமைந்தது. அதற்கு முற்பட்ட சுவடியில் கொம்பு, ககரம், கால் என்னும் ஒரே வரிசையைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என அறுவகையாகவும் வாசிக்க இயலும். ஏடு கற்றோர் இவற்றுள் உரியதைத் தேர்ந்தது யாப்பும் பொருளும் சொல்வழக்கும் அறிந்தமையால். உருவம் போதாத இடத்தில் மொழியறிவு வாசித்தது. பதிப்பாசிரியர்களின் பாடவேறுபாட்டுக் குறிப்புகள் அனைத்தும் இதற்குச் சான்றாவன. வாசிப்பைக் கண்ணின் தொழிலாக மட்டும் கருத இயலாமைக்குத் தமிழ் மரபிலேயே இத்துணைப் பெரிய சான்று இருக்கவும், தமிழ்க் குழந்தைகளின் வாசிப்புத் தடையைக் கண்ணின் நினைவோடு மட்டும் பிணைப்பது வியப்புக்குரியது.

கண்ணாடி உருவம் பற்றிய கருத்தும் தமிழில் மறுபார்வை வேண்டுவது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளுள் ‘பி’, ‘டி’ என்பன இடவலம் மாறிய ஓருருவங்கள். தமிழில் இத்தகைய இணைகள் இல்லை எனலாம். எரிக் பெடர்சன் தமிழரிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தோர் கண்ணாடி உருவங்களை வேறுபடுத்துவதில் எழுத்தறியாதோரை ஒத்திருந்தனர். தமிழோடு ரோமன் எழுத்தும் அறிந்தோரே அவ்வேறுபாட்டைப் பெரிதும் கருதினர். இடவலத்தை வேறுபடுத்தும் பழக்கம் எழுத்துமுறை தருவது. மனித இயல்பின் பொதுக்கூறு அன்று. எனவே உருப்புரட்சியை முதன்மை அடையாளமாகக் கொண்ட மேலைநாட்டுச் சரிபார்ப்புப் பட்டியல்களை மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தைகளிடம் பயன்படுத்துவது பயனற்றது. தமிழில் மயங்குவன வேறு: ன, ண என்பவற்றின் சுழி எண்ணிக்கை, ல, வ, ந, த, எ, ஏ.

இம்மயக்கங்களைத் தீர்க்க மரபாசிரியர் கையாண்ட வழி குறிப்பிடத்தக்கது. ‘இரண்டு சுழி ன’, ‘மூன்று சுழி ண’, ‘சிறப்பு ழகரம்’, ‘வல்லின றகரம்’ என எழுத்துக்குப் பெயரோடு அடையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தனர். கண்ணால் நினைவில் நிறுத்த வேண்டிய நுண்வேறுபாடு இங்குச் சொல்லாக மாற்றப்பட்டு நினைவில் நிறுத்தப்படுகிறது. மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லும் திண்ணைப் பள்ளி முறையிலும் கண், கை, வாய், செவி நான்கும் ஒருங்கே இயங்கின. அமெரிக்காவில் ஆர்ட்டனோடு பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம் வகுத்த பல்புலக் கற்பித்தலும், கிரேஸ் ஃபெர்னால்டின் விரல்வழி எழுதும் முறையும் இவ்வகையினவே. எனினும் திண்ணைப் பள்ளியைப் போற்றிப் புனைவதற்கு இஃது இடமன்று. அங்குத் தடுமாறிய குழந்தைக்கு முறைக்கு மாறாகப் பிரம்பே கிடைத்தது.

மயங்கொலிகளும் பேச்சு வழக்கும்

தமிழில் எழுத்துரு நினைவு தன் முழு வன்மையோடு தேவைப்படும் களம் எழுத்துப்பிழை. ல, ள, ழ, ர, ற, ன, ண ஆகியன எழுத்தில் வேறு, பல வழக்குகளின் பேச்சில் ஒன்று. ‘அரம்’, ‘அறம்’ இரண்டையும் ஒரேவாறு ஒலிக்கும் குழந்தைக்கு எவ்விடத்து எவ்வெழுத்து என்பதைச் செவி சொல்லாது. ந, ன வேறுபாட்டையாவது இடத்தைக் கொண்டு அறியலாம். மொழிமுதலிலும் தகரத்தின் முன்னும் வருவது தந்நகரம் என்னும் விதி பெரும்பாலும் போதும். ‘கரை’, ‘கறை’ என்பவற்றுக்கு விதி இல்லை, சொல்லைக் கண்ட பழக்கமே உண்டு. இங்குப் பிழை நேர்வது எழுத்துரு நினைவு இன்னும் அமையாமையைக் காட்டும்.

ஆனால் அதே பிழை எல்லா இடத்தும் ஒரே பொருள் தருவதன்று. யாழ்ப்பாணத் தமிழிலும் குமரி மாவட்ட வழக்கிலும் ரகர றகர வேறுபாடு பேச்சில் பெரிதும் பேணப்படுகிறது. அவ்வழக்கில் வளர்ந்த குழந்தை ‘அறம்’ என்பதை ‘அரம்’ என எழுதின், செவி தந்த வேறுபாட்டையும் அது தவறவிட்டது எனலாம், ஒலியுணர்வை ஆராய்தல் தகும். மதுரைக் குழந்தையின் அதே பிழைக்கு அப்பொருள் இல்லை. அவ்வாறே தென்மாவட்டக் குழந்தை ‘பளம்’ என்றும் சென்னைக் குழந்தை ‘பயம்’ என்றும் எழுதுவது தத்தம் பேச்சை உண்மையாகப் பதிவு செய்வதாகும்.

இரட்டை வழக்கு இச்சிக்கலை மிகுவிக்கிறது. குழந்தையின் வீட்டுச் சொல் ‘எல’, ‘கொட’, ‘ஒடம்பு’, ‘காத்து’, ‘அஞ்சு’. பாடநூலின் சொல் ‘இலை’, ‘குடை’, ‘உடம்பு’, ‘காற்று’, ‘ஐந்து’. ‘எலை’ என எழுதிய குழந்தைக்குக் காட்சி நினைவு குறைவு எனக் குறிப்பெழுதும் ஆசிரியர், அக்குழந்தையின் ஒலிப்பகுப்பு எத்துணைச் செம்மையானது என்பதைக் காணத் தவறுகிறார். ‘வந்தார்கள்’ என்பதை ‘வந்தாங்க’ என வாசிக்கும் குழந்தையோ சொல்லை அறிந்து, பொருளையும் உணர்ந்து, தன் வழக்கிற்கு மாற்றிச் சொல்கிறது. அது வாசிப்பின் வெற்றியே. இதற்கு மாறாக, ‘பாட்டு’ என்பதை ‘பாடு’ என ஒற்று விட்டு எழுதுவது, ‘கோபம்’ என்பதை ‘கெபம்’ எனக் குறி சிதைத்து எழுதுவது, அறியாச் சொல்லை எழுத்துக்கூட்ட முயன்று முதல் எழுத்தோடு நின்றுவிடுவது ஆகியன தொடர்ந்து காணப்படுமாயின் கருதத்தக்கவை. எவ்வழக்கைக் கொண்டும் இவற்றை விளக்க இயலாது.

பிழை மட்டும் போதிய அளவுகோல் ஆகாது என்பதும் நினைவிற்குரியது. ஹெயின்ஸ் விம்மர் 1993இல் ஜெர்மன் மொழிக் குழந்தைகளை ஆராய்ந்து, ஒலிக்கும் எழுத்துக்கும் சீரான உறவுள்ள அம்மொழியில் வாசிப்புக் குறைபாடு உடையோர் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கின்றனர், ஆனால் மிக மெதுவாக வாசிக்கின்றனர் எனக் காட்டினார். தமிழ் இவ்வகையில் ஆங்கிலத்தினும் ஜெர்மனுக்கே நெருங்கியது. சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட ஆய்வு மற்றொன்றை உணர்த்துகிறது. அசை எழுத்து முறையில் எழுத்துத் தொகுதியை முழுதும் கற்கப் பல வகுப்புகள் ஆகின்றன, ஒலியன் அளவிலான உணர்வும் மெல்லவே வளர்கிறது. கன்னடத்தினும் தமிழின் எழுத்துத் தொகுதி சிறியது. ஆயினும் இரண்டாம் வகுப்பில் உயிர்மெய் முழுதும் வசப்படாமையைக் குறைபாடு எனக் கொள்வது அவசரம் ஆகும்.

பயிற்சி பற்றி

1960களில் மரியான் ஃப்ராஸ்டிக் வகுத்த காட்சிப் புலப் பயிற்சிகள் பள்ளிகளில் பெரிதும் பரவின. 1974இல் டொனால்ட் ஹாமில் முதலியோர் அவற்றின் பயனை மதிப்பிட்டு, வாசிப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் விளையவில்லை எனக் கண்டனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கண் மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட அறிக்கையும், கண் பயிற்சிகளும் வண்ணக் கண்ணாடிகளும் இக்குறைபாட்டுக்கு மருந்தாகா என்றது. படங்களை நினைவுகூரும் விளையாட்டில் தேர்ந்த குழந்தை அவ்விளையாட்டில் தேர்கிறது, அவ்வளவே. எழுத்துரு நினைவு வளர்வது எழுத்தோடு ஒலியைப் பிணைக்கும் பயிற்சியால். ‘ப்’ என்னும் மெய்யும் ‘ஆ’ என்னும் உயிரும் கூடிப் ‘பா’ ஆவதை வாயாலும் கையாலும் ஒருங்கே உணர்த்தல், முன்வரும் குறிகளைத் தனியே கற்பித்தல், உகர வரிசையை வடிவ வகை நோக்கித் தொகுத்தல், மயங்கொலிச் சொற்களைப் பொருளோடு இணைத்துப் பலமுறை வாசிக்கச் செய்தல் ஆகியன இங்குப் பொருந்துவன.

தொடக்க வகுப்புகளுக்கென 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்க இடமளிக்கிறது. இத்தகைய களத்தில் தேவைப்படுவது தமிழுக்கென அமைந்த சோதனைக் கருவி. குறிப்பாகப் பொருளில்லாப் புனைசொற்களின் பட்டியல் வேண்டும். முன்பு கண்டிராத சொல்லை ஒலித்தறியும் திறனையே அது அளப்பதால், மனனமும் ஊகமும் உதவா. கேமுடை, தொலுப்பை, நிவாட்டு போன்று தமிழ் அமைப்பிற்கு இயைந்தும் அகராதியில் இல்லாமலும் அவை இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பட்டியலை எழுத்துப்பெயர்ப்பதால் இது கைகூடாது. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் பற்றித் தொல்காப்பியம் நூன்மரபிலும் மொழிமரபிலும் வகுத்தவை இப்பணிக்கு ஏறத்தாழ ஆயத்தமான விதித்தொகுப்பு. உளவியல் துறைகளிடம் இவ்விதிகள் இல்லை, தமிழ்த் துறைகளிடம் உள்ளன. வட்டார வழக்கு ஆய்வுகள் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வொலிகள் இணைந்துள்ளன என்பதை ஏற்கெனவே தொகுத்து வைத்துள்ளன. அவற்றைக் கொண்டு மாவட்டவாரியான பிழை விளக்கக் குறிப்பேடு ஒன்றை ஆசிரியர்க்கு ஆக்கித் தருதலும் இயல்வதே.

பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவோர் உதவி, ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் மதிப்பீட்டுச் சான்றைப் பொறுத்தே கிடைக்கின்றன. ஆங்கிலத்திற்கென ஆக்கிய கருவியால் அளக்கப்பட்ட குழந்தை, தன் தாய்மொழியில் எவ்வளவு வாசிக்க வல்லது என்பது அளக்கப்படாமலேயே தமிழ்த்தாளிலிருந்து விலக்கு பெறும் நிலையும் இதனால் நேரக்கூடும். வீட்டு வழக்கை எழுதியமைக்காகக் குறைபாடுடையது என முத்திரை பெறும் குழந்தையும், மெதுவாயினும் பிழையின்றி வாசிப்பதால் எவர் கண்ணிலும் படாமல் விடப்படும் குழந்தையும் ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கலாம்.